காலிக்கோட்டையில் அறை எடுக்கும் முன்

2025 நவம்பரில் இஸ்தான்புல்லின் பழைய நகர்ப் பகுதியில், சாதாரண ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்த ஒரு குடும்பம் திடீரென்று வாந்தி எடுக்கத் தொடங்கியது. ஜேர்மனியிலிருந்து சுற்றுலா வந்திருந்த தாய், தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகள். சில நாட்களுக்குள் நால்வரும் இறந்துபோனார்கள். தெருவில் வாங்கிச் சாப்பிட்ட சாப்பாடுதான் காரணம் என்று எண்ணி முதலில் உணவு வியாபாரிகளைப் பிடித்தார்கள். பிறகுதான் விசாரணை ஹோட்டல் பக்கம் திரும்பியது. கீழ்த்தள அறையொன்றில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய பொஸ்பீன் வாயு மேல்மாடி அறைக்குள் புகுந்திருக்கும் என்ற சந்தேகம் வலுத்தது.

அதே ஆண்டு பெப்ரவரியில் நம் கொழும்பிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. மலிவு விடுதியொன்றில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டு இளம் பெண்கள் வாந்தியும் மூச்சுத்திணறலும் வந்து இறந்தார்கள். அந்த விடுதியிலும் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்திருந்தார்கள். பொலிஸ் விசாரணை நடந்தது, விடுதி மூடப்பட்டது.

பொஸ்பீன் என்ற பெயர் புதிதாகத் தெரியலாம். ஆனால் வரிப்பத்தான்சேனை, இறக்காமம் பக்கத்து வயல்காரருக்கும் அரிசி ஆலைக்காரருக்கும் அந்தச் சாமான் புதிதல்ல. நெல்லிலும் அரிசியிலும் வண்டு விழாமல் இருக்கக் களஞ்சியங்களில் மாத்திரை வைத்துப் படங்கு போட்டு மூடுகிறார்களே, அந்த அலுமினியம் பொஸ்பைட் ஈரக்காற்றுப் பட்டதும் விடுகிற வாயுதான் அது. மாத்திரை வைத்த களஞ்சியத்துக்குள் யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை. ஹோட்டல் அறையில் மட்டும், பக்கத்து அறையில் என்ன மருந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே படுத்துவிடுகிறோம்.

வெள்ளாமை வெட்டி முடிந்து கையில் காசிருக்கும் காலத்திலும் பெருநாள் லீவிலும் நம் பக்கத்திலிருந்து தெற்கே வேன்கள் புறப்படும். சியம்பலாண்டுவ, வெல்லவாய, ஹம்பாந்தோட்டை, மாத்தறை என்று போய்க் கடைசியில் காலி. ருகுணுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் பொறியியல் பீடமும் காலிப் பக்கம் இருப்பதால், பிள்ளையைக் கொண்டுபோய் விட வரும் வாப்பாமாரும் அங்கே ஓரிரவு தங்க வேண்டி வருகிறது. 1640இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, பெரிதாகக் கட்டியதுதான் காலிக்கோட்டை. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கோட்டைக்குள் பழைய வீடுகளை அலங்கரித்து விடுதிகளாக்கி வைத்திருக்கும் அறைகளின் வாடகை நம் வேன் பார்ட்டிக்குக் கட்டாது. பஸ் நிலையத்தைச் சுற்றியோ, உனவட்டுன வீதியிலோதான் நமக்கு அறை.

அப்படி எடுக்கும் அறையில் ஏசி இல்லாமல் இருக்கலாம், சுடுதண்ணீர் வராமல் இருக்கலாம். கொடுத்த காசுக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் தாழ்ப்பாள் போடாத கதவையும், பேசியதற்கு மேல் எழுதிய பில்லையும், மூச்சடைக்க வைக்கும் மருந்து வாடையையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வாடகை குறைந்ததால் விடுதிக்காரரின் சட்டப் பொறுப்பு குறைந்துவிடாது.

வாயுவின் கதையை முதலில் முடித்துவிடுவோம், உயிர் போகிற காரியம் அதுதான். பொஸ்பீன் காற்றைவிடச் சற்றுப் பாரமானது. சுவர் வெடிப்பு, குளியலறைக் குழாய், கதவின் கீழ் இடுக்கு என்று எதன் வழியாகவும் அடுத்த அறைக்குப் போகும். உள்ளிப்பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடை அடிக்கலாம். சில வேளை வாடையே தெரியாது. தலையிடி, குமட்டல், வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல் என்று வரும்போது ‘மத்தியானம் சாப்பிட்ட கொத்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்றுதான் எவருக்கும் தோன்றும். இதற்கென்று தனியான மாற்று மருந்து கிடையாது. ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒன்றாக இப்படி வந்தால் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். சாமானை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. வைத்தியரிடம் ‘ஹோட்டலில் மருந்தடித்திருக்கலாம்’ என்ற ஒரு வசனத்தை மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையின் திசையையே அது மாற்றும்.

சாவி வாங்கும்போதே ‘இந்தக் கிழமை இங்கே ஏதாவது மருந்தடித்தீர்களா, பக்கத்து அறைகளில் அடித்தீர்களா’ என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதவிடுக்குகளில் டேப் ஒட்டிய அறை பக்கத்தில் இருந்தால் வேறு இடம் பாருங்கள். பூச்சிநாசினிகள் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. விடுதிக்காரர் கடையில் வாங்கிவந்து நினைத்தபடி தூவுவதற்கு உரியவை அல்ல. சந்தேகம் வந்தால் அந்த இடத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கலாம். குளிக்கும் அறையில் சுடுதண்ணீர் ஹீட்டரின் வயர் வெளியே தெரிந்தால் அதைப் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் குளித்து யாரும் செத்ததில்லை.

இனிக் காசு. சண்டை அதிகம் வருவது இங்கேதான். போனில் ‘ஒரு றூம் இவ்வளவு’ என்பார்கள். போய் இறங்கியதும் ஆளுக்கு மேலதிகம், வேன் நிறுத்த மேலதிகம், சாரதிக்கு இடமில்லை என்று ஒவ்வொன்றாக வரும். எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், சாரதி எங்கே படுப்பார், வரியோடு மொத்தம் எவ்வளவு, வராவிட்டால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்ற ஐந்தையும் வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாயால் பேசியதை எவரும் மறுக்கலாம், வட்ஸ்அப்பில் எழுதியதை மறுப்பது கஷ்டம். டொலரில் போட்ட விலையை ரூபாயில் எந்த வீதத்துக்கு மாற்றுவார்கள் என்றும், உள்ளூராருக்குத் தனி விலை உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

பில்லில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் என்று எழுதியிருந்தால் அது அரசாங்கத்துக்குப் போகிற வரி அல்ல, ஹோட்டல் அறவிடுவது. முன்கூட்டியே சொன்னார்களா என்பதுதான் கேள்வி. வற் வரி 2024 ஜனவரியிலிருந்து நூற்றுக்கு 18. ஆனால் வற் பதிவு உள்ளவர்தான் அதை அறவிடலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் புரள்கிற வியாபாரத்துக்குத்தான் அந்தப் பதிவு கட்டாயம், 2024இல் அந்த எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபாய். நாலைந்து அறை வைத்திருப்பவர் ‘வற்’ என்று எழுதினால் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். 7000 என்று முடியும் அந்த இலக்கம் பில்லில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 18ஐக் கொடுக்க வேண்டியதில்லை.

இணையத்தில் அறை போடுகிறவர்களுக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது. அறை உறுதியான பிறகு, ஹோட்டலே அனுப்பியது போல ஒரு செய்தி வரும். ‘காட் விவரத்தை மீண்டும் உறுதிசெய்யாவிட்டால் புக்கிங் ரத்தாகும்’ என்று ஒரு லிங்க். உலகம் முழுக்கப் பலர் இதில் காசு இழந்திருக்கிறார்கள். அந்த லிங்கைத் தொடாமல் ஹோட்டலுக்கு நேரே போன் எடுத்துக் கேளுங்கள். முகப்புத்தகத்தில் அழகான படங்களைப் போட்டு, தனியாள் பெயரில் உள்ள கணக்குக்கு முழுக் காசையும் போடச் சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். ‘காலிக் கோட்டையில்’ என்று விளம்பரம் செய்து ஐந்து கிலோமீற்றர் தள்ளி உனவட்டுனவில் அறை காட்டுவது தந்திரம் மட்டுமல்ல, சட்ட மீறலும்கூட. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான விவரிப்பையும் தடுக்கின்றன.

விடுதி இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்ததா என்று அதன் இணையதளத்தில் பார்க்கலாம். பதியாத வீட்டறை எல்லாம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்கள் நடத்தும் அறைகளும் அவற்றில் உண்டு. ஆனால் பிணக்கு வந்தால் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் பிடிக்கக்கூடிய ஆள் பதிவுள்ள ஆள்தான்.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நம் சனத்துக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டதும், அபாயாவைக் கண்டதும், ‘றூம் ஃபுல்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தியை இந்த இடத்தில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவரும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் முதலியவற்றுக்குள் செல்வதில் தடைக்கோ நிபந்தனைக்கோ உள்ளாகக் கூடாது என்கிறது அது. ஹோட்டல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை நிலைநாட்டுவது வேறு. உயர் நீதிமன்றத்தின் அடிப்படை உரிமை வழக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் பிரதானமாக அரச அதிகாரிகளின் செயலையே விசாரிக்கின்றன. தனியார் லொட்ஜ் மறுத்தால் முதலில் பொலிஸும் சுற்றுலா அதிகார சபையும். பொலிஸ் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால்தான் கல்முனையில் உள்ள ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகும் கதவு திறக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கான கால எல்லை ஒரு மாதம் மட்டும். முகத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரலில் அவசரகால விதியால் வந்த தடை, அந்த ஓகஸ்டில் அவசரகால நிலை முடிந்ததோடு போய்விட்டது. அடையாள அட்டைப் படத்தோடு முகத்தை ஒப்பிட வேண்டும் என்றால் பெண் ஊழியர் பார்க்கட்டும், அதில் தவறில்லை. புதுமணத் தம்பதியிடம் திருமணப் பதிவைக் காட்டச் சொல்லும் சட்டமும் நாட்டில் இல்லை. விடுதிக்கு அப்படி ஒரு விதி இருந்தால் காசு வாங்கும் முன் சொல்ல வேண்டும்.

அடையாள அட்டையின் இலக்கத்தை எழுதிக்கொள்ளட்டும், படியும் எடுக்கட்டும். அட்டையையே வாங்கி மேசை லாச்சியில் வைக்க விடாதீர்கள்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் ‘உங்கள் பெறுமதியான பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு பலகை தொங்கும். நகை தொலைந்தால் விரலை நீட்டிக் காட்டுவது அதைத்தான். ஒல்லாந்தர் காலியில் மதிலை மட்டும் விட்டுப் போகவில்லை, ரோமன்-டச்சுச் சட்டத்தையும் விட்டுப்போனார்கள். இன்றும் நம் நாட்டின் பொதுச் சட்டத்துக்கு அதுவே அடி. விருந்தினரின் பொருள் தன் இடத்தில் தொலைந்தால், தவிர்க்க முடியாத அனர்த்தமோ விருந்தினரின் சொந்தத் தவறோ இல்லாதவரை விடுதிக்காரர் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் மிகப் பழைய விதி. பலகை எழுதித் தொங்கவிட்டால் தப்பிவிடலாமா என்றால், அதற்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. கவனயீனத்தால் வந்த மரணத்துக்கோ காயத்துக்கோ எந்த அறிவித்தலாலும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. பொருள் நட்டத்துக்கு அந்த அறிவித்தல் நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். ஆகவே பலகையைப் பார்த்து அடங்கிப் போகாதீர்கள். அதற்காகக் கொடியையும் காப்பையும் கட்டிலில் வைத்துவிட்டுக் கடல் பார்க்கப் போவதும் புத்தியல்ல. விருந்தினரின் தவறு என்று அதையே காட்டுவார்கள்.

களவு, மிரட்டல், அறைக்குள் ஒளித்த கமரா போன்றவற்றுக்கு உடனே 119. கமராவைக் கண்டால் கழற்றாதீர்கள், இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு அறையைப் பூட்டி வெளியே வாருங்கள். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. பொலிஸில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை விளங்காமல் ஒப்பமிட வேண்டாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. 1409இல் சீனத் தளபதி செங் ஹே பொறிப்பித்த, காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டில் சீனமும் பாரசீகமும் தமிழும் இருக்கின்றன. அறுநூறு வருடங்களுக்கு முன் கல்லிலேயே ஏறிய மொழியை இன்று பொலிஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லத் தயங்க வேண்டுமா? முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

மற்றக் குறைகளுக்குச் சுற்றுலா அதிகார சபையின் 1912, பாவனையாளர் அதிகார சபையின் 1977. போனில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். அறைக்குள் போனதும் எடுத்த படங்கள், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் பேச்சின் படி ஆகியவற்றை இணைத்து எழுத்தில் அனுப்புங்கள். வக்கீல் வேண்டாம், காலிக்குத் திரும்பப் போகவும் வேண்டாம். ஊருக்கு வந்து தமிழிலேயே எழுதித் தபாலில் சேர்க்கலாம். பாவனையாளர் அதிகார சபைக்கான முறைப்பாடு மட்டும், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.