இமயத்து டிண்டோவும் அம்மன் கூழும்

இமயமலை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவை கயிலாயம், பத்ரிநாத், கேதார்நாத், பசுபதிநாத் முதலிய திருத்தலங்களே. அத்தலங்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வழிவழியாக வாழ்ந்துவரும் மக்கள் எதை விளைவித்து, எதைச் சமைத்து உண்கிறார்கள் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை அறிந்துகொள்ள வெகுதொலைவு செல்ல வேண்டியதுமில்லை. இமயத்து மக்களில் ஒரு பிரிவினர் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சிங்கப்பூரில் நம்மோடு வாழ்ந்து வருகின்றனர்.

1949ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் சிங்கப்பூர்க் காவல்துறையில் கூர்க்காப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. நேப்பாளத்தின் மலைப்பகுதிகளைச் சேர்ந்த மகர், குருங், ராய், லிம்பு முதலிய இனத்தவர் இதில் பெருமளவில் சேர்ந்தனர். மவுண்ட் வெர்னன் முகாமில் இவர்கள் குடும்பத்தோடு தங்கியுள்ளனர். பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் படிக்கின்றனர். 1950, 1964ஆம் ஆண்டுக் கலவரங்களின்போது இந்நகரின் அமைதியைக் காத்ததில் இப்படையினருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் நாட்டின் பாதுகாவலர்களாக இவர்களை அறிந்திருக்கிறோம். இவர்களுடைய சமையலறையை அறிந்தவர்கள் நம்மில் சிலரே. அந்தச் சமையலறைக்கும் நம் அம்மன் கோயில்களுக்கும் இடையே உள்ள ஓர் உறவை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை உயர உயர மாறும் தானியம்

நேப்பாள உணவு என்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர் "தால் பாத் தர்க்காரி". தால் என்பது பருப்பு; பாத் என்பது சோறு; தர்க்காரி என்பது காய்கறி. இன்று லிட்டில் இந்தியா உணவகங்களில் நேப்பாளச் சாப்பாடு என்று கேட்டாலும் இதையே தட்டில் வைப்பார்கள். சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய் என்று பார்க்கும்போது நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு இது நெருங்கிய உறவே.

ஆனால் மலைநாட்டில் எல்லா இடத்திலும் நெல் விளைவதில்லை. நெல்லுக்கு வெப்பமும் தேங்கிய நீரும் வேண்டும். ஆகவே தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் நீர் பாயும் படிக்கட்டு வயல்களிலுமே நெல் விளைகிறது. அதற்கு மேலுள்ள வறண்ட சரிவுகளில் மக்காச்சோளமும் கேழ்வரகும், இன்னும் உயரத்தில் பார்லியும் உருளைக்கிழங்கும் "ஃபாபர்" எனப்படும் ஒருவகைச் சிறுதானியமும் பயிராகின்றன. இந்த ஃபாபரையே வட இந்தியர் "குட்டு" என்று அழைத்து, நவராத்திரி விரத நாட்களில் அதன் மாவில் ரொட்டி சுட்டு உண்கின்றனர்.

நடுமலைப் பகுதியில் ஒரு சிறப்பான பயிர்முறை உண்டு. மக்காச்சோளம் வளர்ந்து நிற்கும்போதே, அதன் வரிசைகளுக்கு இடையே கேழ்வரகு நாற்றை நட்டுவிடுவார்கள். சோளத்தை அறுவடை செய்த பிறகு கேழ்வரகு தலைதூக்கும். ஒரே துண்டு நிலத்தில் ஒரே மழைக்காலத்தில் இரண்டு விளைச்சல். நிலம் குறைந்த மலைவாசிகள் கண்டறிந்த சிக்கனம் இது.

கேழ்வரகை நேப்பாள மொழியில் "கோதோ" என்பர். இந்தியாவில் "கோதோ" என்ற பெயர் வரகைக் குறிப்பதால் பலர் குழம்பிப் போவதுண்டு. நேப்பாளத்துக் கோதோ நம் கேழ்வரகேதான். அண்டையிலுள்ள கட்வால், குமாவுன் மலைகளில் இதே தானியம் "மண்டுவா". நம்மவரிடையே ராகி, கேப்பை, கேழ்வரகு, யாழ்ப்பாணத்தாருக்குக் குரக்கன். கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களில் முதன்முதலில் பயிரிடப்பட்ட இத்தானியம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாரதத்துக்கு வந்து, தெற்கே சேலம், தருமபுரி வரையிலும் வடக்கே இமயம் வரையிலும் ஏழையின் வயிற்றைக் காத்து வந்திருக்கிறது.

டிண்டோ கிண்டும் முறை

கோதோ மாவில் செய்யும் முதன்மையான உணவு "டிண்டோ". ஒரு கோப்பை மாவுக்கு ஏறத்தாழ இரண்டு கோப்பைத் தண்ணீர் என்பது கணக்கு. அடிகனமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது மாவைச் சிறிது சிறிதாகத் தூவி, கட்டி விழாமல் மரத்துடுப்பால் விடாது கிண்ட வேண்டும். மாவு வெந்து, பளபளப்பு ஏறி, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் இறக்கிவிடலாம். உப்புச் சேர்க்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

சூடாக இருக்கும்போதே விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவார்கள். இதைப் படிக்கும் வாசகர்களில் தருமபுரி, வேலூர்ப் பக்கத்துப் பூர்வீகம் உடையவர்கள் இந்நேரம் புன்னகைத்திருப்பார்கள். ஆம், இது நம் பாட்டிமார் கிண்டிய கேழ்வரகுக் களியேதான்! துடுப்பும் அதுவே, விழுங்கும் முறையும் அதுவே. ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு மக்கள் ஒரே தானியத்துக்கு ஒரே பக்குவத்தைக் கண்டிருக்கிறார்கள். கேழ்வரகு மாவு கோதுமையைப் போல் இழுபட்டு வராது. ஆகவே வெந்நீரில் கிண்டித் திரட்டுவதே எளிய வழி.

கீரையைக் காக்கும் கலை

களிக்குக் கீரைக் கடைசலும் கருவாட்டுக் குழம்பும் நம்மவர் தொட்டுக்கொண்டவை. டிண்டோவுக்குத் துணை "குந்துருக்". மலையில் குளிர்காலம் நீண்டது. பனிக்காலத்தில் பசுங்கீரை கிடைக்காது. ஆகவே கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரை முதலியவற்றை அறுவடைக் காலத்திலேயே பக்குவப்படுத்தி வைத்துக்கொள்கிறார்கள்.

கீரையை ஓரிரு நாள் வாடவிட்டு, நறுக்கியோ நசுக்கியோ மண்பானையில் காற்றுப் புகாதவாறு அழுத்தி அடைப்பார்கள். வெதுவெதுப்பான இடத்தில் சில நாட்கள் வைத்தால் அது புளித்துவிடும். தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவையே இதிலும் வேலை செய்கின்றன. உண்டாகும் புளிப்பு, கெடுதல் செய்யும் கிருமிகளை வளரவிடாது. பிறகு வெயிலில் நன்கு உலர்த்தி எடுத்துவைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. முள்ளங்கிக் கிழங்கையும் இவ்வாறே நிலத்தில் குழி தோண்டிப் புதைத்துப் புளிக்கவைப்பர். அதற்குச் "சின்கி" என்று பெயர். கிழக்கு நேப்பாளத்தின் ராய், லிம்பு மக்கள் சோயா மொச்சையை வேகவைத்து, இலையில் பொதிந்து புளிக்கவைத்துக் "கினெமா" செய்கிறார்கள்.

உலர்ந்த குந்துருக்கை ஊறவைத்து, வறுத்த சோயா, தக்காளி, மிளகாய் சேர்த்துக் கொதிக்கவைத்தால் புளிப்பும் மணமும் நிறைந்த சாறு கிடைக்கும். முழுச் சைவமான உணவு இது. வெயிலை நம்பி மோர்மிளகாயும் சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் போட்டுவைத்த நம் முன்னோரின் அறிவும் இதுவும் ஒரே பள்ளியில் பயின்றவை எனலாம்.

பண்டிகையும் படையலும்

உறவு உணவோடு நின்றுவிடவில்லை. நமக்கு நவராத்திரி தொடங்கும் அதே நாளில் அவர்களுக்குத் "தசைன்" தொடங்குகிறது. முதல் நாள் கலசம் நிறுவி, மணலில் பார்லி விதைத்து இருட்டறையில் முளைக்கவைப்பார்கள். மஞ்சள் நிறத்தில் நீண்டு வளரும் அந்த முளைக்கு "ஜமரா" என்று பெயர். விஜயதசமி அன்று பெரியவர்கள் தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்துச் சிறியோரின் நெற்றியில் இட்டு, ஜமராவைத் தந்து வாழ்த்துவார்கள். மாரியம்மன் திருவிழாவில் நம் பெண்கள் வளர்த்துச் சுமந்துவரும் முளைப்பாரியை இது நினைவூட்டவில்லையா?

தீபாவளியை ஒட்டி வருவது ஐந்து நாள் "திஹார்". முதல் நாள் காகத்துக்கு உணவு வைப்பர். இரண்டாம் நாள் நாய்க்கு மாலையிட்டு விருந்து. தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உண்ட நம் வீட்டுப் பெரியோர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. இவ்விரு பண்டிகைகளுக்கும் உரிய பலகாரம் "சேல் ரொட்டி". ஊறவைத்த அரிசியை அரைத்து, சர்க்கரையும் நெய்யும் கலந்து, காய்ந்த எண்ணெயில் வளையமாகக் கையால் ஊற்றிப் பொரிப்பார்கள். நம் அதிரசத்துக்கு உடன்பிறப்பு என்று சொல்லத் தகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்டிகைப் பலகாரம் அரிசியில் ஆனது. அன்றாட உணவு கேழ்வரகில் ஆனது. அரிசி அரிதாகக் கிடைத்ததால் அது விருந்தாயிற்று. நம் கிராமங்களிலும் நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் என்றிருந்த காலம் உண்டு.

அரிசி வந்தது, கேழ்வரகு ஒதுங்கியது

அரிதாக இருந்ததாலேயே அரிசி மதிப்பின் அடையாளமாயிற்று. டிண்டோ ஏழையின் உணவு என்று பெயர் வாங்கியது. விருந்தினர் வந்தால் கடன் வாங்கியாவது சோறு ஆக்குவார்கள்; டிண்டோ பரிமாற வெட்கப்படுவார்கள். நேப்பாளத்தின் மேற்கே கர்ணாலி மலைப்பகுதிக்கு 1970களிலிருந்து அரசு மானிய அரிசியை விமானம் மூலமும் அனுப்பத் தொடங்கியது. பசியைப் போக்கிய அந்த உதவியே, உள்ளூர்த் தானியங்களைப் பயிரிடும் ஆர்வத்தையும் குறைத்தது என்று ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். படையில் சேர்ந்தும் வெளிநாடு சென்றும் பொருளீட்டிய குடும்பங்களிலும் முதலில் மாறியது அடுப்பில் இருந்த பாத்திரம்தான்.

நம் கதையும் வேறல்ல. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் உண்டு வளர்ந்த உழைப்பாளிகள் கப்பலேறி இங்கு வந்தார்கள். சயாம் அரிசியும் பர்மா அரிசியும் அவர்களுடைய அன்றாட உணவாயின. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர்பிழைத்த தலைமுறைக்கு, அரிசிச்சோறு என்பது துன்பம் நீங்கியதற்கான சான்றாகவே இருந்தது. அவர்கள் கேழ்வரகைத் தேடவில்லை என்று குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

அம்மன் காத்த தானியம்

வீட்டிலிருந்து கேழ்வரகு போய்விட்டது, கோயிலிலிருந்து போகவில்லை. ஆடி மாதம் பிறந்ததும் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறோம். சமதக்னி முனிவர் கொல்லப்பட்டபோது ரேணுகாதேவி தீயில் பாய்ந்தாள் என்றும், மழை பெய்து தீ அணைய, தீப்புண்களோடு வேப்பிலை உடுத்திவந்த அன்னைக்கு எளிய மக்கள் கூழ் கொடுத்தார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. உழவர் வாழ்விலும் இதற்குக் காரணம் உண்டு. ஆடி விதைப்புக் காலம். சென்ற ஆண்டின் தானியம் தீர்ந்துகொண்டிருக்கும் நேரம். இருப்பவர் கொண்டுவந்த மாவும் இல்லாதவர் கொண்டுவந்த விறகும் ஒரே அண்டாவில் சேர, ஊரே பசியாறியது. தன்னிடம் இருந்த உயர்ந்ததை மட்டுமன்றி, தான் அன்றாடம் உண்டதையே தெய்வத்துக்குப் படைத்தான் தமிழன். அதனால்தான் இன்று தேக்காவில் பிறந்து வளர்ந்த குழந்தையும் ஆண்டில் ஒருமுறையேனும் கேழ்வரகை நாவில் சுவைக்கிறது.

கூழ் காய்ச்சும் முறை இளைய தலைமுறைக்காக: ஒரு கோப்பை கேழ்வரகு மாவை இரண்டு கோப்பைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு புளிக்கவிடவும். மறுநாள் கால் கோப்பை அரிசி நொய்யை மூன்று கோப்பைத் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிண்டவும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி ஆறவைக்கவும். பிறகு மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுப் பரிமாறலாம்.

சத்தும் எச்சரிக்கையும்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் மிகுதி. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. காத்மாண்டு உணவகங்களில் இப்போது டிண்டோவை விரும்பிக் கேட்டு உண்போர் பலர். ஆயினும் கேழ்வரகு நீரிழிவுக்கு மருந்து என்று எண்ணிவிடலாகாது. மாவை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றும். அளவும், உடன் சேரும் பருப்பும் கீரையுமே நன்மையைத் தீர்மானிக்கின்றன. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்பது நல்லது.

நாம் செய்யக்கூடியது

கூர்க்காப் படையினர் பணிக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு நேப்பாளம் திரும்ப வேண்டும் என்பது விதி. இங்கே பிறந்து, இங்கே படித்து, ஆங்கிலத்தில் பேசிப் பழகிய பிள்ளைகளும் பெற்றோருடன் புறப்படுகின்றனர். தாத்தாவின் வீட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கும் டிண்டோ அவர்களுக்கு அந்நியமாகவும் இருக்கலாம்; பண்டிகைதோறும் அம்மா சமைத்ததால் அறிமுகமானதாகவும் இருக்கலாம். எது நேரும் என்பது சிங்கப்பூர்ச் சமையலறையிலேயே முடிவாகிறது. நம் பிள்ளைகள் எங்கும் செல்ல வேண்டியதில்லை என்பதால் நாம் இதை அவசரமாக நினைப்பதில்லை. வேறுபாடு அவ்வளவே.

கோயில் ஆண்டுக்கொருமுறை காத்துத் தருவதை வீடு மாதத்துக்கொருமுறையேனும் தொடர வேண்டும். கேழ்வரகு மாவு சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. கோயில் சமையற்கூடங்களில் கூழ் காய்ச்சும் பக்குவம் தெரிந்த மூத்த தொண்டூழியர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரும் ஆடியில் கூழை வாங்கிக் குடிப்பதோடு நில்லாமல், முதல் நாளே சென்று மாவு கரைப்பதற்கும் அண்டாவில் துடுப்புப் போடுவதற்கும் நம் பிள்ளைகளை அவர்களோடு நிறுத்துவோமாக. மலையில் இருந்து வந்த நம் அண்டை வீட்டாரையும் அந்தப் பந்திக்கு அழைப்போமாக. கிண்ணத்தைக் கையில் வாங்கியதுமே அவர்களுக்கு அது என்னவென்று தெரிந்துவிடும்.