ஆப்பிள் கைவிட்ட பழைய மேக்: ஒரு பென்டிரைவ் லினக்ஸ் அதற்கு மறுவாழ்வு தருமா?

ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்கு. கீபோர்டில் ஒரு எழுத்துகூடத் தேயல. சார்ஜ் போட்டா ஆன் ஆகுது. ஆனா மேக்ஓஎஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனா ஒன்றும் வராது. குரோமைத் திறந்தால் 'இந்த சிஸ்டத்துக்கு இனி புது வெர்ஷன் கிடையாது' என்று மேலே ஒரு பட்டை நிற்கும். 2012 மாதிரியான பழைய மேக்புக் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிப்போன காட்சி.

இதைத் தூக்கிப் போடுவதா, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதா? இரண்டுக்கும் முன்னால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. லினக்ஸை ஒரு பென்டிரைவிலோ டிவிடியிலோ போட்டு, மேக்கின் உள்ளே எதையும் தொடாமல் ஓட்டிப் பார்ப்பது. செலவு, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. நேரம், ஒரு மாலைப்பொழுது. எந்த மேக்கில் இது ஓடும், எதில் ஓடாது, எங்கே கவனமாக இருக்கணும்? பார்ப்போம்.

ஓடுற லேப்டாப்பில் என்ன பிரச்சினை?

ஒரு உதாரணம். 2012-ல் வந்த மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ இரண்டுக்கும் ஆப்பிள் கொடுத்த கடைசி சிஸ்டம், 2019 அக்டோபரில் வெளியான மேக்ஓஎஸ் கேட்டலினா. அதற்கு வழக்கமான செக்யூரிட்டி அப்டேட்கள் 2022 ஜூலையோடு நின்றன. 2024 செப்டம்பரில் வந்த குரோம் 129 முதல் கேட்டலினாவில் புதிய குரோமும் ஓடாது.

அதாவது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அந்த மெஷினில் அடைக்கப்படாமலே கிடக்கும். படம் பார்க்க, பாட்டு கேட்க சரி. ஆபீஸ் மெயில், நெட்பேங்கிங் எல்லாம் அதில் செய்வது ரிஸ்க்.

இது 2012 மாடல்களோடு முடிகிற கதையும் இல்லை. 2020 நவம்பரில் எம்1 சிப் மேக்குகளை விற்கத் தொடங்கிய ஆப்பிள், 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசி வெர்ஷன் என்று அறிவித்துவிட்டது. அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இன்டெல் மாடல்களுக்கு மட்டும்தான். இன்றைக்கு 'பரவாயில்லை' ரகத்தில் இருக்கும் இன்டெல் மேக்கும் அடுத்து இதே வரிசையில்தான் வந்து நிற்கப்போகிறது.

'லைவ்' லினக்ஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எங்கே இருக்கிறது என்று தேடும். வழக்கமாக உள்ளே இருக்கும் டிஸ்க்கில் இருந்து எடுத்துக்கொள்ளும். 'அதை விடு, இந்தப் பென்டிரைவில் இருந்து எடு' என்று நாம் சொன்னால், அங்கிருந்து முழு சிஸ்டமும் எழுந்துவிடும். பிரவுசர், ஆபீஸ் சாஃப்ட்வேர், வீடியோ பிளேயர் எல்லாமே அதற்குள் இருக்கும்.

பென்டிரைவில் இருப்பது சுருக்கிவைத்த, படிக்க மட்டுமேயான ஒரு காப்பி. நீங்கள் செய்யும் மாற்றங்கள் தற்காலிகமாக ரேமில் நிற்கும். ஆஃப் பண்ணினால் எல்லாம் காலி. பென்டிரைவை உருவிவிட்டு ஆன் பண்ணினால் பழைய மேக்ஓஎஸ் அப்படியே வரும். வாடகை வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்காமல் இருந்துவிட்டு வருவது மாதிரி.

இது புது ஐடியா இல்லை. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ், 2000-லேயே சிடியில் இருந்து நேராக ஓடும் லினக்ஸைப் பிரபலமாக்கியது. பிறகு உபுண்டு 2011 வரை சிடிக்களை இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் அரசு லேப்டாப் வாங்கியவர்களுக்கும் லினக்ஸ் அந்நியம் இல்லை. அவற்றில் விண்டோஸுடன் கூடவே வந்த 'பாஸ்', சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ்தான்.

முதலில் உங்க மேக் எந்த வருஷம்னு பாருங்க

எல்லாவற்றையும் முடிவு செய்வது இதுதான். இடது மேல்மூலையில் இருக்கும் ஆப்பிள் லோகோவைத் தட்டி, 'அபவுட் திஸ் மேக்' போனால் வருஷம் தெரிந்துவிடும்.

• 2005 வரை வந்தவை: பவர்பிசி சிப் கொண்டவை. இன்றைய பிரபல லினக்ஸ் எதுவும் இதற்கு வருவதில்லை. டெபியன்கூட 32 பிட் பவர்பிசிக்கான அதிகாரப்பூர்வ ஆதரவை 8-வது வெர்ஷனோடு நிறுத்திவிட்டது. பொழுதுபோக்குக்கு மட்டும் முயலலாம்.

• 2006, 2007: இன்டெல் சிப்தான். ஆனா பெரும்பாலான மாடல்களில் ஃபர்ம்வேர் 32 பிட். அதனால் இன்றைய 64 பிட் பென்டிரைவ்களைக் கண்டுகொள்ளாது. இங்கேதான் டிவிடிக்கு உண்மையான வேலை. டிவிடியில் எழுதி, ஆன் ஆகும்போது 'சி' கீயை அழுத்திப் பிடிக்கணும். சில டிவிடிக்கள் 'எந்த வகையில் பூட் செய்ய?' என்று கேட்டு, கீபோர்டும் வேலை செய்யாமல் உறைந்து நிற்கும். இந்தச் சிக்கலுக்காகவே 'மேக்' என்று பெயரில் குறித்த தனி ஐஎஸ்ஓ ஃபைல்களை உபுண்டுவும் டெபியனும் வெளியிட்டன. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

• 2008 முதல் 2015 வரை: லைவ் லினக்ஸுக்கு ஏற்ற காலகட்டம். அதிலும் 2012-க்குப் பிந்தையவை இன்னும் நல்லது. மேக்புக்குகளில் யூஎஸ்பி 3.0 வந்தது அந்த ஆண்டுதான், அதனால் பென்டிரைவில் இருந்தும் வேகம் கிடைக்கும்.

• 2016, 2017: மேக்புக் ஏர் 2017 பிரச்சினை இல்லாத ரகம். அதே காலத்து மேக்புக் ப்ரோவில் லினக்ஸ் எழுந்தாலும், ஸ்பீக்கரில் சத்தம் வராமல் போவது போன்ற தலைவலிகள் உண்டு.

• 2018 முதல் 2020 வரை, இன்டெல்: பெரும்பாலானவற்றில் ஆப்பிளின் டி2 செக்யூரிட்டி சிப் இருக்கும். வெளி டிஸ்க்கில் இருந்து பூட் ஆவதை அது தடுக்கும். ரெக்கவரிக்குள் போய் அனுமதி கொடுத்தாலும், சாதாரண லினக்ஸில் லேப்டாப்பின் கீபோர்டும் டச்பேடும் வேலை செய்யாது. டி2லினக்ஸ் என்ற திட்டம் தயாரிக்கும் தனி ஐஎஸ்ஓ வேண்டும்.

• எம்1 முதலான ஆப்பிள் சிப்கள்: இந்தப் பென்டிரைவ் முறையே பொருந்தாது. அசாஹி லினக்ஸ் இருக்கிறது, ஆனா அது மேக்குக்குள் இன்ஸ்டால் செய்யும் வகை.

எப்படிச் செய்வது?

முதல்முறை முயல்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் வசதி. 2024-ல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பழைய மெஷினுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவானது. ஃபைல் 3 ஜிபி அளவில் இருப்பதால் டிவிடியிலும் அடங்கும். உபுண்டு 24.04 சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் அடங்காது.

1. மின்ட்டின் அதிகாரப்பூர்வ தளத்தில் இருந்து மட்டும் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் செய்யுங்கள்.

2. பென்டிரைவில் இருப்பதை வேறெங்காவது காப்பி எடுத்து வையுங்கள். அடுத்த ஸ்டெப்பில் அது மொத்தமாக அழியும்.

3. பலேனா எட்சர் சாஃப்ட்வேரில் ஐஎஸ்ஓவையும் பென்டிரைவையும் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். விண்டோஸில் செய்தால் ரூஃபஸும் போதும். ஃபைலைச் சும்மா காப்பி-பேஸ்ட் பண்ணினால் பூட் ஆகாது.

4. மேக்கில் எழுதி முடித்ததும் 'இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று ஒரு மெசேஜ் வரும். பதறாதீங்க, அது சகஜம். 'எஜெக்ட்' கொடுங்கள். 'இனிஷியலைஸ்' கொடுத்தால் எழுதியதை நீங்களே அழிக்கும் வேலையில் இறங்கிவிடுவீர்கள்.

5. மேக்கை ஆஃப் செய்து, பென்டிரைவைச் செருகி, பவர் பட்டனைத் தட்டியதும் 'ஆப்ஷன்' கீயை அழுத்திப் பிடியுங்கள். டிஸ்க் ஐகான்கள் வரிசையாக வரும். 'இஎஃப்ஐ பூட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

6. மெனுவில் முதல் வரியைக் கொடுங்கள். ஸ்க்ரீன் கறுப்பாகவே நின்றால் ரீஸ்டார்ட் செய்து 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைக் கொடுத்துப் பாருங்கள்.

அவ்ளோதான். டெஸ்க்டாப் வந்துவிடும். அங்கே 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு ஐகான் இருக்கும். இப்போதைக்கு அதைத் தொடாதீங்க. அதற்குள் போய் 'டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால் செய்' என்று கொடுத்தால் மேக்கில் இருக்கும் போட்டோ, ஃபைல் எல்லாம் போயே போச்சு. இந்த முறையில் பெரிய சேதம் நடக்கக்கூடிய இடம் இதுதான்.

'வைஃபை வரலையே!'

பழைய மேக்குகளில் பலருக்கும் வரும் முதல் சந்தேகம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பிராட்காம் சிப். அதற்கான டிரைவர் திறந்த மூல மென்பொருள் இல்லை என்பதால், பல லினக்ஸ்களில் தானாக வேலை செய்யாது. டிரைவரை இறக்க நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும்.

இதற்கு உங்கள் போனே தீர்வு. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். நெட் வந்துவிடும். பிறகு மின்ட்டின் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, காட்டும் பிராட்காம் டிரைவரை இன்ஸ்டால் செய்யலாம். லைவில் செய்தது ரீஸ்டார்ட்டில் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எதையெல்லாம் டெஸ்ட் பண்ணணும்?

லைவ் லினக்ஸின் முக்கியப் பயனே இதுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்: சத்தம், மைக், டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரால், பிரைட்னஸ் கீகள், மூடித் திறந்தால் தூக்கத்தில் இருந்து எழுகிறதா, யூட்யூப் தடங்காமல் ஓடுகிறதா, ஃபேன் ஓயாமல் கத்துகிறதா. 2013-க்குப் பிந்தைய பல மேக்புக்குகளில் கேமராவுக்குத் தனி டிரைவர் வேணும். தினமும் வீடியோ மீட்டிங் இருப்பவர்கள் இதை முதலில் பார்க்கணும்.

தமிழ் டைப்பிங்குக்குக் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்நெட் 99 இருக்கிறது. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்துப் பழகியவர்கள் ஐபஸ் எம்17என் தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் செகண்ட் ஹேண்ட் இன்டெல் மேக் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் சம்மதத்தோடு இதே பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். 'டிஸ்க்ஸ்' என்ற ஆப் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். ஆப்ஷன் கீயை அழுத்தியதும் ஐகான்களுக்குப் பதில் பூட்டுப் படம் வந்தால், அதில் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு இருக்கிறது. அது கைக்கு வராமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மேக் எழவே மாட்டேங்குது, ஃபைல் கிடைக்குமா?

டிஸ்க் நன்றாக இருந்து மேக்ஓஎஸ் மட்டும் கெட்டுப்போயிருந்தால் வாய்ப்பு அதிகம். 2017-க்கு முந்தைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபார்மட் டிஸ்க்குகளை லினக்ஸ் படிக்கும். போட்டோக்களை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய ஏபிஎஃப்எஸ் ஃபார்மட்டுக்குத் தனிக் கருவி தேவை.

கொஞ்சம் யோசிங்க. பாஸ்வேர்டு கேட்காமல் உங்கள் ஃபைலை நீங்கள் எடுக்க முடிகிறது என்றால், லேப்டாப்பைத் திருடியவரும் எடுக்கலாம். லாகின் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால், டி2 சிப்புக்கு முந்தைய மேக்குகளில் டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை என்றே அர்த்தம். அதற்கு ஃபைல்வால்ட் ஆன் செய்திருக்கணும். விற்கும் முன் டிஸ்க்கை முறையாக அழிக்கணும் என்பதும் இதனால்தான்.

லைவிலேயே காலம் தள்ளலாமா?

வேண்டாம். ஐஎஸ்ஓ வெளியான நாளில் இருந்த நிலையிலேயே அது நிற்கும். பிறகு வந்த செக்யூரிட்டி அப்டேட்கள் ஒவ்வொரு முறையும் காணாமல் போகும். அப்டேட் இல்லாத மேக்ஓஎஸ்ஸை விட்டு வந்து அப்டேட் நிற்காத லினக்ஸில் உட்காருவதில் பயன் இல்லை. டெஸ்ட் திருப்தியாக இருந்தால், முழு பேக்கப் எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்வதே சரி. 2012 மேக்புக் ப்ரோவின் ரெட்டினா அல்லாத 13 இன்ச் மாடல் என்றால், ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றி, ரேமையும் கூட்டலாம். மேக்புக் ஏரில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருப்பதால் அது நடக்காது.

ஃபைனல் கட், லாஜிக், அடோபி சாஃப்ட்வேர்களில் வேலை செய்பவர்களுக்கு லினக்ஸ் பதில் இல்லை. மேக்ஓஎஸ்தான் வேணும் என்றால், பழைய மேக்கில் புது வெர்ஷனை ஏற்றும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் இருக்கிறது. ஆனா இன்டெல்லுக்கு டாஹோதான் கடைசி என்பதால் அந்தப் பாதைக்கும் முடிவு தெரிகிறது.

மற்றபடி பிரவுசர், மெயில், டாக்குமென்ட், ஆன்லைன் கிளாஸ், படம் இவ்வளவுதான் தேவை என்றால், பழைய மேக்கை எடைக்குப் போடும் முன் ஒரு பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிடுங்கள். பிடிக்கவில்லையா? உருவிவிடுங்கள். மேக்கில் எதுவும் மாறியிருக்காது.