அக்பர் பாலத்துக்கு அப்பால் இருக்கும் குழு

கண்டி மலைச்சரிவுகளில் 24 மணி நேரத்துக்குள் 75 மில்லிமீற்றர் மழை பெய்துவிட்டால் மண்சரிவுக்கான மஞ்சள் எச்சரிக்கை. 100 என்றால் செம்மஞ்சள். வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் சிவப்பு. வீட்டை விட்டுக் கிளம்பியே ஆகவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை. ஆனால் மழைமானி மழையைத்தான் அளக்கும், மண்ணுக்குள் நடப்பதை அளக்காது. ஒரு தோட்ட லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவைக் கண்காணிக்கும் கருவியொன்றைச் செய்யப் பேராதனைப் பொறியியல் மாணவர் சிலர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

குடிசார் பொறியியல் மாணவி முதலில் கேட்பது துளைநீர் அழுத்தத்தை. நீர் இறங்க இறங்க அது கூடும். மண் துணிக்கைகளுக்கிடையிலான பிடி தளரும். (மண்ணின் நடத்தை பற்றி 1963இல் வெளியான புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் ஆய்வில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் இணைந்து எழுதிய அ. துரைராஜா, பின்னர் பேராதனைப் பொறியியல் பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர்.) மின்னியல் மாணவனுக்கோ வேறு கவலை. அடைமழை நாட்களில் வெயில் இல்லை, சூரியத் தகடு பற்றரியை நிரப்பாது. கருவி மிகவும் தேவைப்படும் இரவில்தான் அது செத்துக் கிடக்கும். ஆகவே நிமிடத்துக்கொரு தடவை தரவு அனுப்பும் திட்டத்தைக் கணினிப் பொறியியல் மாணவன் கைவிட வேண்டும். அப்படியானால் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? அவனால் சொல்ல முடியாது. அந்தச் சரிவு எவ்வளவு வேகமாக நனைகிறது என்று அறிந்தவள்தான் சொல்லவேண்டும். பல்துறை வேலையின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து, சமர்ப்பிப்பதற்கு முதல்நாள் இரவு பொருத்திப் பார்க்கும் குழுவில் இக்கேள்வி எழுவதே இல்லை.

இந்த மாணவர்கள் பயிலும் பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு வந்தது. முதலாம் ஆண்டு எல்லோருக்கும் பொது, பிறகு துறை பிரியும். ஒரே பட்ச் என்றாலும் ஆய்வுகூடங்கள் வேறாகிவிடும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகளுக்கிடையே அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. பட்டதாரியிடம் அவ்வுடன்படிக்கை எதிர்பார்க்கும் திறன்களில் பல்துறைக் குழுவில் இயங்குவதும் ஒன்று. அதைப் பொறியியலின் உட்பிரிவுகளோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பேன். மகாவலிக்கு மேலுள்ள அக்பர் பாலத்தைக் கடந்தால் புவியியலும் சமூகவியலும் விவசாயமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இலங்கையில் இவ்வளவு துறைகளை ஒரே வளாகத்தில் பெற்ற மாணவர்கள் அதிகமில்லை.

பாலத்துக்கு அப்பாலுள்ள அந்தத் துறையினர் தேவைப்படுவது எங்கே? இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை ஒலித்தால் லயத்தில் யார் கதவைத் தட்டுவது, வயதானவர்களை யார் தூக்குவது, எந்தக் கோயில் மண்டபம் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் சுற்று வரைபடம் காட்டாது. விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில் நடக்கும், குழுவின் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் ஓடும், கருவி அனுப்பும் குறுஞ்செய்தியைப் படிக்கப்போகும் தொழிலாளிக்கோ தமிழ் வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த மாணவி அந்தக் குழுவில் இருந்தால், வாசகத்தை எழுதும் பொறுப்பை முதற் கூட்டத்திலேயே அவள் பெயருக்கு எதிரே எழுதிவிடலாம். அதற்கும் புள்ளி வழங்க வேண்டும்.