பூட்டு நம்முடையது; சாவி யாருடையது?

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே சொந்தம் என்பது உலக வழக்கு. குடையாயினும் குத்துவிளக்காயினும், விற்றவர் கடையை மூடிவிட்டுப் போன பின்னரும் அது நம் வீட்டில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். கிரைண்டரைச் செய்த கம்பெனி நொடித்துவிட்டது என்பதற்காக நம் வீட்டில் மாவு ஆட்டாமல் நிற்பதில்லை. இந்த எளிய உண்மை சில பொருள்களின் மட்டில் இன்று பொய்யாகி வருகிறது. அது எவ்வாறு நேர்கிறது என்பதையும், நாம் செய்யத்தக்கது என்ன என்பதையும் இங்கே காண்போம்.

கைப்பேசியிலுள்ள செயலி ஒன்றினால் இயக்கக்கூடிய விளக்கு, பூட்டு, காமிரா, அழைப்புமணி முதலியவை இன்று 'ஸ்மார்ட்' என்ற அடைமொழியோடு விற்கப்படுகின்றன. கட்டிலில் படுத்தவாறே கைப்பேசியைத் தொட்டு விளக்கை அணைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நமக்கும் விளக்குக்கும் இடையே பத்தடி தூரம்தான். ஆயினும் பல கருவிகளில் நம் கட்டளை நேரே விளக்கைச் சென்று சேர்வதில்லை. அது வீட்டு ரூட்டர் வழியே வெளியேறி, எங்கோ வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் கம்பெனியின் சர்வரை அடைகிறது. கேட்பவர் இந்த விளக்குக்கு உரியவர்தாமா என்று சர்வர் சரிபார்க்கிறது. பின்னர் கட்டளை அதே ரூட்டர் வழியே வீட்டுக்குள் திரும்பி வர, விளக்கு அணைகிறது. எல்லாம் நொடிப்பொழுதில் முடிந்துவிடுவதால் இந்தச் சுற்றுவழி நமக்குப் புலப்படுவதில்லை.

இச்சுற்றுவழிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை வீட்டு ரூட்டர் பொதுவாக உள்ளே விடாது. அது நம் பாதுகாப்புக்கு நல்லதே. ஆனால் வெளியூர் சென்றவர் அங்கிருந்தே தம் வீட்டு விளக்கை அணைக்க விரும்பினால் என்ன செய்வது? அதற்காகவே விளக்கு, வெளியிலுள்ள சர்வரோடு ஓயாத தொடர்பு ஒன்றை வைத்துக்கொண்டு கட்டளைக்குக் காத்திருக்கிறது. இது பயனுள்ள ஏற்பாடுதான். குறை எங்கே என்றால், வீட்டுக்குள் இருப்பவருக்கும் இதே வழியை வைத்து, வேறு வழி அமைக்காமல் விடுவதில்தான். இரண்டு வழி அமைத்தால் உழைப்பும் செலவும் கூடும். மேலும், எல்லாம் தம் சர்வர் வழியே சென்றால் நம் பழக்கவழக்கங்கள் பற்றிய விவரங்களும் கம்பெனியின் கைக்கு வந்து சேர்கின்றன.

இதன் கணக்கையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கருவிக்கு நாம் விலை கொடுப்பது ஒரே முறை. சர்வருக்குக் கம்பெனி செலவிடுவதோ மாதந்தோறும். விற்பனை தளர்ந்துவிட்டால் கம்பெனி சந்தா கேட்கும். அல்லது சர்வரையே நிறுத்திவிடும். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவையே. வீட்டுக் கருவிகளை ஒருங்கே இயக்கும் ரிவால்வ் என்ற பெட்டி அங்கு ஏறத்தாழ 300 டாலருக்கு விற்றது. கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் கம்பெனி 2014-இல் அதை விலைக்கு வாங்கிற்று. 2016 மே 15 அன்று அதன் சேவையை நிறுத்திவிட்டது. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. ஆயினும் அன்றோடு அது வெறும் பெட்டியாயிற்று. 2020 மே மாதத்தில் விங்க் என்ற கம்பெனி, இனி மாதம் 4.99 டாலர் சந்தா கட்டினால்தான் சேவை என்று திடீரென அறிவித்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றியே நின்றுபோயின. பின்னர் அதைப் பயன்படுத்திவந்த சிலரே ஒன்றுகூடிக் கம்பெனியை வாங்கி உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று.

கம்பெனி நன்றாக நடக்கும்போதும் இடர் உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று வர்ஜீனியாவிலுள்ள அமேசானின் சர்வர் நிலையங்களில் கோளாறு ஏற்பட்டது. அவற்றை நம்பியிருந்த வாசல் காமிராக்கள் பல செயலிழந்தன. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் படுக்கைகள்கூடச் சொன்னபடி கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற காமிராக் கம்பெனியில் நேர்ந்த பிழையால், ஏறத்தாழ 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் காமிராப் படங்கள் காட்டப்பட்டன. நம் வீட்டுக் கூடம் அயலாரின் கைப்பேசியில் தெரிவதை நம்மில் யார் விரும்புவோம்?

நண்பர்களே, இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. நம்மில் பலர் பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே படிக்க வந்தவர்கள். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, ஊர் வீட்டு வாசலுக்கு ஒரு காமிராவோ கதவுக்கு ஒரு பூட்டோ வாங்கி அனுப்புவது நமக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் சர்வர் நின்றுபோகும் நாளில் அல்லலுறப் போகிறவர்கள், வாங்கி அனுப்பிய நாம் அல்லர். கதவுக்கு வெளியே காய்கறிப் பையோடு நிற்கும் அம்மாவும், கைப்பேசித் திரையைப் பார்த்துத் திகைக்கும் அப்பாவுமே.

அதனால் இக்கருவிகளே வேண்டா என்பது என் கருத்தன்று. கூகுளே தன் நெஸ்ட் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 2025 அக்டோபர் 25 அன்று செயலித் தொடர்பைத் துண்டித்தது. ஆயினும் சுவரிலுள்ள கருவியைத் திருப்பி வெப்பத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரம், வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், ஒரு கருவிக்கு எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம்.

நாம் செய்யத்தக்க சோதனை எளிது. கருவியை வாங்கியவுடன், திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள், ரூட்டருக்கு வரும் இணையக் கம்பியைக் கழற்றுங்கள். வைஃபை இருக்கட்டும், இணையம் மட்டும் இல்லாமற் போகட்டும். அப்போதும் விளக்கு சொன்னபடி கேட்கிறதா? காமிரா தன்னுள் இருக்கும் மெமரி கார்டில் படம் பதிக்கிறதா? பூட்டுக்குச் சாதாரணச் சாவித் துளை உண்டா? இத்தனை ஆண்டு சேவை உண்டு என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கிறதா? இவற்றுக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால் துணிந்து வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவதே நலம்.

முன்பே வாங்கி அனுப்பியவர்கள் அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது இச்சோதனையைச் செய்து பாருங்கள். பூட்டுக்குச் சாவி இருந்தால், அதைத் தேடி எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.