துறைமுக வாசலில் ஒரு சீட்டு

அமெரிக்கா தேசத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்துக்குச் சரக்கேற்றப் போகும் லாரி ஓட்டி, ஒரு சிறு அடையாளச் சீட்டைத் தன்னுடன் வைத்திருத்தல் வேண்டும். சீட்டில்லாதவன் சீட்டுடைய ஒருவர் துணையுடனன்றிக் காவல் எல்லைக்குள் தனியே நடமாட இயலாது. கப்பல் மாலுமிகளுக்கும் துறைமுகத் தொழிலாளருக்கும் இதே விதிதான்.

2001 செப்டம்பரில் நேர்ந்த விபரீதத்துக்குப் பின், 2002-ல் இயற்றிய சட்டத்தினின்று பிறந்தது இச்சீட்டு. 2007 அக்டோபரில் டெலவேர் மாகாணத்து வில்மிங்டன் நகரில் பதிவு தொடங்கிற்று. 2009 ஏப்ரல் 15-ந் தேதிக்குள் தேசமெங்கும் கட்டாயமாயிற்று. 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 100 டாலருக்கு மேல்.

சீட்டினுள் கைரேகையின் குறிப்புப் பதிந்திருக்கிறது. ஆனால் அதைப் படித்தறியும் யந்திரம் வாசலில் இருந்தாலல்லவா பயன்? பல வருஷங்கள் காவற்காரர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே விட்டு வந்தார்கள். வகுப்பில் ஒரு பையனுக்காக மற்றொரு பையன் "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பதைப் பிடித்த அனுபவம் நமக்கு உண்டு; தலையை நிமிர்த்திப் பார்க்காதவரை பட்டியலில் குற்றமே தெரியாது! 2011-ல் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகத்தார் போலிச் சீட்டுகளைக் காட்டிச் சில துறைமுகங்களில் நுழைந்தே பார்த்துவிட்டார்கள். யந்திரம் வைக்கும் விதி 2016-ல்தான் வெளிவந்தது. அதுவும் அபாயம் மிகுந்த இடங்களுக்கு மட்டும்.

நமக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. சீட்டு மறுக்கப்பட்டவனுக்குப் பிழைப்பே மறுக்கப்படுகிறது. 1950-ல், கொரியா யுத்த காலத்தில், அந்நாட்டுக் கடற்காவற் படையினர் கப்பல் தொழிலாளரைச் சலித்தெடுத்தார்கள். கம்யூனிஸ்டு என்ற சந்தேகம் போதும். குற்றஞ்சாட்டியவர் யார், சாட்டியது என்ன என்பதுகூட முழுமையாகச் சொல்லப்படவில்லை. 1955-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் மேல் நீதிமன்றம், இது நியாய முறைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது.

இன்றைய விதி அவ்வளவு கொடிதன்று. ராஜத்துரோகம், ஒற்று வேலை, பயங்கரவாதம் இவற்றில் தண்டனை பெற்றவருக்கு ஒருநாளும் சீட்டில்லை. கொள்ளை, போதைப் பொருள் விற்பனை முதலியவற்றுக்குத் தண்டனையாகி 7 வருஷமும், சிறையினின்று விடுபட்டு 5 வருஷமும் கழிந்தால் தடை நீங்கும். அதற்கு முன்னரே, 'திருந்திவிட்டேன்' என்று காட்டி விலக்குக் கோரலாம். இது நல்ல ஏற்பாடென்றே கருதுகிறோம்.

சங்கடம் பதிவேடுகளில் இருக்கிறது. கைதானது பதிவாகியிருக்கும், பின்னர் வழக்குத் தள்ளுபடியானது பதிவாகியிராது. முதல் மறுப்புக் கடிதம் கிடைத்த 60 நாளுக்குள், தன் நிரபராதித்தனத்துக்கு ஆதாரமான கோர்ட்டுக் காகிதங்களைத் தொழிலாளியே தேடி எடுத்து அனுப்ப வேண்டும். அல்லது அவகாசம் கேட்க வேண்டும். இங்கிலீஷ் சரளமாகப் படிக்க வராத லாரி ஓட்டிக்கு அக்கடிதத்தின் பொருள் விளங்குவதே கடினம். புதிதாய் விண்ணப்பித்தவனாயின், சீட்டு கைக்கு வரும்வரை துறைமுகச் சரக்கு அவனுக்கில்லை.