எழுத்து வகுப்பறையும் வாய்வீச்சு அரசியலும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பது கௌரவம் குறைந்த பணியாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. இலக்கியப் பேராசிரியர்கள் அதனை இளநிலை ஆசிரியர்களிடம் விட்டு ஒதுங்கிக்கொள்வதுண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்டின் வளாகத்தில் எழுத்துக்கலைப் பேராசிரியராகவும் எழுத்துப் பயிற்சி நிலையத்தின் பணிப்பாளராகவும் விளங்கிய பற்றீசியா ரொபேட்ஸ்-மில்லரோ, அத்துறையில் நின்றே தமது நாட்டின் அரசியல் கலாசாரத்தை ஆராய்ந்தார்.

எதிர்க்கருத்தை நேர்மையாக எடுத்துரைக்காது, அதனைக் கூறுபவரை இகழ்ந்து கட்டுரையை முடித்துவிடும் மாணவரை எழுத்தாசிரியர் எவரும் அறிவர். அதே குறைபாடு ஒரு நாட்டின் சட்டமன்றத்தையே பீடித்தால் என்னவாகும்? அடிமைமுறையை ஆதரித்தோரின் வாதங்களை ஆராய்ந்து 2009இல் அவர் வெளியிட்ட நூல் இவ்வினாவுக்கு விடை தேடுகின்றது. அடிமை ஒழிப்பு மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்க 1836இல் பிரதிநிதிகள் சபை தீர்மானித்தது. 1844 வரை அத்தடை நீடித்தது.

2017இல் வெளிவந்த அவரது சிறுநூலே பரவலாக அறியப்பட்டது. ‘எக்கொள்கை நன்று’ என்ற வினாவை ‘எவர் நம்மவர், எவர் பிறர்’ என்ற வினாவாகச் சுருக்குவதே வாய்வீச்சு அரசியல் என்பது அவரது வரைவிலக்கணம். அதனைத் தீயோர் மட்டுமே செய்வதில்லை என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் ஏர்ல் வொரன். 1942 பெப்ரவரியில், கலிபோர்னியாவின் சட்டமா அதிபராக இருந்த வொரன், ஜப்பானிய வம்சாவளியினர் குறித்துக் காங்கிரஸ் குழுவொன்றின் முன் சாட்சியமளித்தார். நாசவேலை எதுவும் நிகழாதிருப்பதே பேரபாயத்தின் அறிகுறி என அவர் வாதிட்டார். குற்றம் நிகழாமையே குற்றத்துக்குச் சான்றாகிவிட்டால் எவர்தான் தம்மைக் குற்றமற்றவரென நிறுவ முடியும்? சுமார் 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள்.

வாய்வீச்சாளரை உருவாக்குவது அதனை ஏற்றுப் பழகிய சமூகமே என்கின்றார் பேராசிரியர். இதில் உண்மை பெரிதும் உண்டெனினும், தலைவர்களின் பொறுப்பை இது ஓரளவு இலகுவாக்கிவிடுகின்றது என்பதே எமது அபிப்பிராயம். வொரன் வெறும் கேட்போராக இருக்கவில்லை. ஒரு மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாகவே பேசினார்.

அதே வொரன் பிரதம நீதியரசராகி, 1954இல் பாடசாலைகளில் நிறப் பாகுபாட்டை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தார். முகாம் விடயத்தில் அவர் கொண்ட வருத்தம், அவர் மறைந்த பின்னர் 1977இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் இடம்பெற்றது. அரசாங்கம் மன்னிப்புக் கோரி, உயிருடன் எஞ்சியோருக்குத் தலா 20,000 டொலர் வழங்கச் சட்டமியற்றியது 1988இலேயே ஆகும்.