குருதித் தட்டணுக்கள்

எங்கள் அவிநாசிபாளையத்து விசைத்தறியில் இழை அறுந்தால் நெசவாளர் உடனே முடிச்சிடுவார். குருதிக் குழாயில் நேரும் கிழிசலை அவ்வாறு அடைப்பவை தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் இவை 1,50,000-க்கு மேல் இருத்தல் வேண்டும். என் மாணவி ஒருத்திக்கு இவை குன்றித் தோலெங்கும் செம்புள்ளிகள் தோன்றின. “நான் ஊட்டியதில் குறையோ, ஐயா?” என்று அவள் தாயார் கலங்கினார்.

இந்நோயில் எலும்பு மஜ்ஜை தட்டணுக்களை ஆக்கத் தவறுகிறதா, ஆக்கியவை அழிகின்றனவா என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்னும் இளம் மருத்துவர், நோயாளி ஒருவரின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் 10,000-க்கும் கீழே சரிந்தன. மஜ்ஜையோ பழுதின்றி இருந்தது! ஆகவே, அழிக்கும் பொருள் நோயாளியின் குருதியிலேயே இருந்ததென்பது புலனாயிற்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருளே தன்னவரைப் பகைவரென மயங்கிப் பற்றுகிறது. அவ்வாறு பற்றப்பட்டவற்றை மண்ணீரல் அழிக்கிறது.

அத்துணிவை வியக்கிறேன்; பின்பற்றுமாறு சொல்லேன். மூளையில் குருதி கசிந்திருந்தால் அவர் மாண்டிருப்பார். நல்லவேளையாக, ஐந்தாறு நாட்களில் அவருடைய தட்டணுக்கள் பழைய அளவை எட்டின. அத்தாயாரிடம் இவ்வரலாற்றைச் சொல்லி, உணவூட்டியதில் பிழையில்லை என்றேன்.